கைவினைச் சந்தையில் கடை போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

களிமண்ணில் கோப்பை, கிண்ணம், சின்னத் தட்டு செய்வதுதான் என் வேலை. கைவினைச் சந்தைகளில் மேசை போட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்கள் ஏதாவது சந்தேகம் என்றால் பக்கத்துக் கடையில்தான் கேட்பார்கள், பல தடவை அந்தப் பக்கத்துக் கடை என்னுடையதாக இருந்திருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். நகை, துணி, சோப்பு, மெழுகுவத்தி, மரவேலை, அச்சுப்படம் என்று எது செய்கிறவருக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எந்தச் சந்தையைத் தேர்ந்தெடுப்பது? வாடகை குறைவான இடத்தில் ஆரம்பிக்கலாமா?

வாடகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் ஒரு முறை வேடிக்கை பார்க்கிறவராகப் போய் வாருங்கள். நுழைவாயிலில் நின்றால் கூட்டம்தான் தெரியும். வெளியேறும் வழியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். போகிறவர்கள் கையில் பை இருக்கிறதா, எத்தனை பேர் கையில் இருக்கிறது, பையில் இருப்பது கைவினைப் பொருளா அல்லது தின்பண்டமா என்று எண்ணுங்கள். ஆயிரம் பேர் வந்து பாட்டுக் கேட்டுவிட்டுப் போகிற சந்தையைவிட, முந்நூறு பேர் வந்து நூறு பேர் பையோடு திரும்புகிற சந்தை மேல்.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் பொருளுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலையுள்ள பொருள் அங்கே விற்கிறதா? உங்கள் கடைதான் அங்கே மிக விலை கூடிய கடை என்றால் நாள் முழுக்க விலைக்கு விளக்கம் சொல்லியே தொண்டை வறண்டுபோகும்.

விண்ணப்பித்தேன், தேர்வாகவில்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

படத்தைத்தான். தேர்வுக் குழுவில் இருப்பவர் ஒரே உட்காரலில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் புரட்டுவார். ஒரே பின்னணியில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த நான்கைந்து படங்கள் இருந்தால் "இவர் செய்வது இதுதான்" என்று உடனே புரியும். பொம்மை ஒன்று, பை ஒன்று, காதணி ஒன்று என்று எல்லாத் திறமையையும் காட்டினால் ஒன்றும் மனதில் நிற்காது. கடை அமைப்புப் படம் கேட்டால், இன்னும் கடையே போட்டதில்லை என்று விட்டுவிடாதீர்கள். வீட்டு மொட்டைமாடியில் மேசை போட்டு அடுக்கிப் படம் எடுங்கள். நானும் அப்படித்தான் அனுப்பினேன்.

நகை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல சந்தைகளில் ஒவ்வொரு வகைக்கும் இத்தனை கடை என்று அளவு வைத்திருப்பார்கள், நகைக்குத்தான் போட்டி அதிகம். தேர்வாகாததற்கு உங்கள் வேலை மட்டுமே காரணமாக இருக்காது.

எவ்வளவு சரக்கு எடுத்துப் போவது?

எவ்வளவு விற்க முடியும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதைக் கூட்டம் தீர்மானிப்பதில்லை, உங்கள் கை தீர்மானிக்கிறது. ஒரு கோப்பை விற்க எனக்கு நான்கு நிமிடம் ஆகிறது: பேச்சு, பணம், பொட்டலம், பை. அப்படியென்றால் தனி ஆளாக ஒரு மணி நேரத்தில் 15 விற்பனைக்கு மேல் முடியவே முடியாது. ஏழு மணி நேரச் சந்தையில் உண்மையான நெருக்கடி மூன்று மணி நேரம் இருக்கலாம். அதில் 45. மற்ற நேரத்தில் அங்கொன்று இங்கொன்றாக ஒரு 15. ஆக 60.

அறுபது விற்கும் என்றால் குறைந்தது நூறு கொண்டு போக வேண்டும், ஏனென்றால் மத்தியானத்தில் பாதி காலியான மேசை 'மிச்சம் மீதி' போலத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்ப வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. மேசைக்கு அடியில் பெட்டியில் இருக்கட்டும், விற்க விற்க எடுத்து வையுங்கள்.

விலை எப்படி வைப்பது?

எல்லோரும் முதலில் கேட்பதும் கடைசிவரை தப்பாகச் செய்வதும் இதைத்தான். எண்களோடு சொல்கிறேன். எந்த நாட்டு நாணயமாகவும் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

ஒரு கோப்பைக்குச் சக்கரத்தில் 6 நிமிடம், அடியைச் சீவ 5, கைப்பிடி ஒட்ட 8, மெருகு (சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு) பூச 6, சூளையில் அடுக்க இறக்க 3, அடிப்பாகம் தேய்க்க 2. மொத்தம் 30 நிமிடம். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 200 என்று மதிப்பு வைத்தால் கூலி 100. மண், மெருகு, இரண்டு முறை சுடும் செலவு 40. ஆக 140. பத்தில் ஒன்று விரியும், கோணும், இல்லை சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். விற்கிற ஒன்பதுதான் அந்த ஒன்றின் செலவையும் சுமக்க வேண்டும். 140-ஐ 0.9-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 156.

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிட்டு "அடக்க விலை 156, நான் 200-க்கு விற்கிறேன், 44 லாபம்" என்பார்கள். சந்தைச் செலவு எங்கே? இட வாடகை 3000, வண்டி 600. விடிகாலை ஏற்றியதிலிருந்து இரவு இறக்கியது வரை 12 மணி நேரம் உங்கள் உழைப்பு, அது 2400. மொத்தம் 6000. அன்றைக்கு 60 கோப்பை விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 100 விழுகிறது. சந்தையில் அந்தக் கோப்பையின் உண்மையான அடக்க விலை 256. இருநூறுக்கு விற்றவர் ஒவ்வொரு கோப்பைக்கும் 56 கையிலிருந்து போட்டுவிட்டு, "நல்ல கூட்டம்" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார். நானும் முதல் இரண்டு வருடம் அந்தச் சந்தோஷத்தில்தான் இருந்தேன்.

அப்புறம், என்றைக்காவது ஒரு கடைக்காரர் வந்து "எங்கள் கடையில் வைக்கிறீர்களா?" என்பார். மொத்த விலை என்று அவர் பெரும்பாலும் சில்லறை விலையில் பாதியைத்தான் தருவார். கோப்பைக்கு 300 வைத்திருந்தால் 150 கிடைக்கும், சந்தைச் செலவே இல்லாத 156-ஐக்கூட அது தொடவில்லை. 360 என்றால் அவரிடமிருந்து 180 வரும், கொஞ்சம் மிஞ்சும். முதல் நாளிலிருந்தே அந்த இடம்விட்டு விலை வையுங்கள். பின்னால் ஒரேயடியாக ஏற்றினால் பழைய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். கடைக்குக் கொடுத்த பிறகு சந்தையில் குறைத்து விற்காதீர்கள். அந்தக் கடைக்காரரும் சந்தைக்கு வருவார்.

பேரம் பேசினால்?

சிரித்துக்கொண்டே "விலை அதுதான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். ஒருவருக்குக் குறைத்தால் பின்னால் நிற்கிற மூன்று பேருக்கும் அது காதில் விழும். மனசு கேட்கவில்லை என்றால் சின்னக் குறையுள்ள பொருள்களுக்குத் தனிக் கூடை வையுங்கள். என்ன குறை என்பதைச் சீட்டிலேயே எழுதுங்கள்: 'மெருகில் ஊசித்துளை, உள்ளே சரி', 'கைப்பிடி ஒரு பக்கம் சாய்வு'. விலை பார்த்து வாங்குகிறவருக்கு அந்தக் கூடையைக் காட்டலாம், நல்ல பொருளின் விலை அப்படியே நிற்கும்.

விலைச்சீட்டு அவசியமா? கேட்டால் சொல்லக் கூடாதா?

அவசியம். என் முதல் சந்தையில் விலை ஸ்டிக்கரைக் கோப்பையின் அடியில் ஒட்டியிருந்தேன், மேலே ஒட்டினால் அழகு கெடும் என்று. மதியம் வரை நான் பார்த்தது ஒரே காட்சிதான். எடுப்பார்கள், உள்ளே பார்ப்பார்கள், விலையைத் தேடுவார்கள், கிடைக்காது, என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பேன், மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். விலை கேட்பதற்கே பலருக்குக் கூச்சம். கேட்டுவிட்டு வாங்காமல் போனால் மரியாதை இல்லையே என்று பயம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து, கோப்பை இவ்வளவு, கிண்ணம் இவ்வளவு என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். அதற்குப் பிறகுதான் கல்லா திறந்தது.

ஒரே வகைப் பொருளுக்கு ஒரே விலை என்றால் ஒரு பலகை போதும். விலை மாறுமானால் ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டுங்கள், அதை அவிழ்க்காமலே படிக்க முடியட்டும்.

மேசையை எப்படி அடுக்குவது?

சாதாரண மடக்கு மேசை 75 சென்டிமீட்டர் உயரம். அது உட்கார்ந்து எழுத ஏற்ற உயரம். நின்று பார்க்கிறவருக்கு அதில் இருக்கும் பொருள் இடுப்புக்குக் கீழே போய்விடும், குனிந்துதான் எடுக்க வேண்டும். நெரிசலில் யாரும் குனிய மாட்டார்கள், பின்னால் வருகிறவர் இடிப்பார். மேசைக் கால்களை பிவிசி குழாய்த் துண்டுகளுக்குள் நுழைத்து 90 சென்டிமீட்டருக்கு ஏற்றினேன். செலவு கொஞ்சம்தான், ஆனால் பொருளைத் தொடுகிற கைகள் அன்றைக்கே கூடின. முன்வரிசை தாழ்வாக, பின்னால் போகப் போகப் படிப்படியாக உயர்ந்து, கடைசிப் படி கண் மட்டத்துக்கு, அதாவது ஏறக்குறைய 150 சென்டிமீட்டருக்கு வரட்டும். தூரத்தில் வருகிறவர் அந்த மேல்வரிசையைப் பார்த்துத்தான் கடைப் பக்கம் திரும்புவார், முன்வரிசை கிட்ட வந்தவருக்கு.

மேசைத் துணி தரையைத் தொடட்டும், காலிப் பெட்டி, சாப்பாட்டுப் பை எல்லாம் உள்ளே மறையும். ஒரே நிறம், பொருளின் நிறத்துக்கு எதிர் நிறம். பூப்போட்ட துணியில் பூப்போட்ட கிண்ணத்தை வைத்தால் இரண்டும் தெரியாது.

'குறைவாக வைத்தால் அதிகம் விற்கும்' என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு வேர் 2000-இல் உளவியல் ஆய்வாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் வெளியிட்ட ஜாம் ஆய்வு. ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் நூற்றுக்கு 3 பேர். ஆறு வகை வைத்தபோது நின்றவர்களில் 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. இதே மாதிரியான ஐம்பது சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றில் சராசரி விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யம். சில இடத்தில் குறைவு நல்லது, சில இடத்தில் நிறைய நல்லது. என் அனுபவம் என்னவென்றால், எண்ணிக்கை பிரச்சினையே இல்லை. ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று புரியாத பொருள்கள்தான் ஆளைத் திணறடிக்கும். நாற்பது கோப்பை நான்கு நிறத்தில் நான்கு குவியலாக இருந்தால் யாரும் திணறுவதில்லை. பன்னிரண்டு கோப்பை பன்னிரண்டு மாதிரி இருந்தால் "அப்புறம் வருகிறேன்" என்பார்கள்.

நாள் முழுக்க நிற்க வேண்டுமா? வருகிறவர்களிடம் என்ன பேசுவது?

தாழ்ந்த நாற்காலியில் உட்காராதீர்கள், அவ்வளவுதான். மேசைக்குப் பின்னால் தலை மட்டும் தெரிய உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற கடையில் நுழைய யாருக்கும் மனசு வராது. உயரமான ஸ்டூல் ஒன்று இருந்தால் உட்கார்ந்தாலும் கண் மட்டம் சமமாக இருக்கும். மேசைக்கு நடுவில் காவலாளி மாதிரி நிற்காமல் ஓரமாக நில்லுங்கள்.

கையில் ஏதாவது வேலை இருந்தால் இன்னும் நல்லது. நான் சீட்டுக்கு நூல் கோப்பேன், துணிக்காரர்கள் ஓரம் தைப்பார்கள். வேலை செய்கிற கையைப் பார்க்க மக்களுக்கு என்றைக்குமே ஆசை. தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற கடைக்காரரைக் கண்டால்தான் ஓடுவார்கள். பேச்சு என்று பார்த்தால், "ஏதாவது வேணுமா?" என்று கேட்டால் "சும்மா பார்க்கிறேன்" என்றுதான் பதில் வரும், அதோடு பேச்சு முடிந்தது. நான் சொல்வது ஒரே வாக்கியம்: "கையில் எடுத்துப் பாருங்கள், உடைந்தால் என் பொறுப்பு." இத்தனை வருடத்தில் அப்படி உடைந்தவை ஐந்தாறு இருக்கும். கையில் எடுத்ததனால் விற்றவற்றுக்குக் கணக்கே இல்லை.

விளக்கு வேண்டுமா? கரண்ட் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

கூடாரத்துக்குள் பகலிலேயே இருட்டாக இருக்கும், சிவப்போ நீலமோ கூடாரத் துணியாக இருந்தால் பொருளெல்லாம் அந்த நிறத்தில் தெரியும். வெள்ளைக் கூடாரம்தான் வாங்க வேண்டும். எல்இடி விளக்கு வாங்கும்போது அட்டையில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று கெல்வின், வெளிச்சம் மஞ்சள் சாயலா வெள்ளைச் சாயலா என்று சொல்லும் அளவு. மரம், மண், தோல் என்றால் 3000 சுமார் நன்றாக இருக்கும், வெள்ளி, கண்ணாடிக்கு 4000. இன்னொன்று சிஆர்ஐ, நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு. 90-க்கு மேல் இருந்தால் நல்லது. இது குறைந்த விளக்கில் சிவப்பு செத்துப்போகும். துணிக்காரர்கள் இதை அலட்சியம் செய்தால், வீட்டுக்குப் போய் நிறம் வேறு என்று திரும்பி வருவார்கள்.

கரண்ட் இல்லையென்றால் பவர் பேங்க். 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பதில் இருப்பது சுமார் 74 வாட்-மணி, இழப்பு போக 60 என்று வையுங்கள். பத்து வாட் யூஎஸ்பி விளக்கு ஆறு மணி நேரம் எரியும். போனுக்குத் தனியாக இன்னொன்று வேண்டும், அதை விளக்குக்குக் கொடுக்காதீர்கள்.

கூடாரம் காற்றில் பறக்காமல் இருக்க?

பறக்கும். பத்தடிக்குப் பத்தடி கூடாரம் என்பது காற்றுக்கு ஒரு பாய்மரம். என்னுடையது ஒரு மாலை, முன்னறிவிப்பே இல்லாமல் வந்த ஒரே வீச்சில், நான்கு காலும் தரையைவிட்டு எழும்பி பக்கத்துக் கடையின் கண்ணாடி மணிகள் மேல் சாய்ந்தது. அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. மண்டியிட்டு மணி பொறுக்கிக்கொண்டே, "இனிமேல் கல்லாவது கட்டு" என்றார். எனக்கு அதுவே திட்டாக இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் 20 லிட்டர் கேன், நிறையத் தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுலபம், காலியாகக் கொண்டு போய் அங்கேயே நிரப்பலாம். முக்கியம் எங்கே கட்டுகிறோம் என்பது. காலடியில் வைத்தால் சட்டம் மட்டும் பிய்த்துக்கொண்டு போகும். மேல் மூலைச் சட்டத்திலிருந்து பட்டையை இறக்கிக் கேனில் இறுகக் கட்ட வேண்டும். ஆட்கள் தடுக்கி விழாதபடி கேன் காலை ஒட்டியே இருக்கட்டும்.

மழையில் கூரை மடிப்பில் தண்ணீர் தேங்கிக் குளமாகும், பாரம் தாங்காமல் சட்டம் வளையும். உள்ளேயிருந்து துடைப்பக் கட்டையால் அவ்வப்போது தூக்கிவிடுங்கள், யார் தலையில் ஊற்றும் என்று பார்த்துவிட்டு.

பணம் வாங்குவதில் கவனிக்க வேண்டியது?

சில்லறை நிறைய வேண்டும், முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் பெரிய நோட்டாகத்தான் நீட்டுவார்கள். பணம் மேசை மேல் பெட்டியில் வேண்டாம், இடுப்புப் பையில் இருக்கட்டும்.

கியூஆர் கோடு வைத்திருந்தால் பளபளக்காத தாளில் அச்சடியுங்கள். பளபளப்பு லேமினேஷனில் விளக்கு வெளிச்சம் பட்டு ஸ்கேன் ஆகாது. கொஞ்சம் கீறல், அழுக்கு பரவாயில்லை. 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் இதை உருவாக்கியது தொழிற்சாலையில் உதிரிபாகங்களைக் கண்காணிக்கத்தான். அங்கே அழுக்கும் எண்ணெயும் படும் என்பதால் பிழை திருத்தும் வசதியோடு செய்தார்கள், உச்ச நிலையில் சுமார் 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்கும். ஆனால் யாராவது உங்கள் கோடு மேல் தங்கள் கோட்டை ஒட்டிவிட்டால் அதுவும் நன்றாகவே படிக்கும். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை நீங்களே ஸ்கேன் செய்து உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். அவர் போனில் காட்டுகிற பச்சை டிக்கை நம்பாமல், உங்கள் போனுக்குச் செய்தி வந்ததா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். கூட்டத்தில் சிக்னல் போய்விடும், அதனால் ரொக்கம் வாங்கும் ஏற்பாடு எப்போதும் இருக்கட்டும்.

பொட்டலம் கட்ட நேரம் ஆகிறது, வரிசையில் நிற்பவர்கள் போய்விடுகிறார்கள்.

முதல் நாள் இரவே தாளை அளவாக வெட்டி வையுங்கள். டேப்பைக் கிழித்துக்கொண்டு நிற்காமல் தாளின் முனையைக் கோப்பைக்குள் திணித்தால் போதும். பையில் முத்திரை முன்னாலேயே குத்தியிருக்கட்டும். நான் சொன்ன நான்கு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் இங்கேதான் மிச்சமாகும். கூட உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் அவரைப் பேச விடாதீர்கள், கட்ட விடுங்கள். பொருளைப் பற்றிப் பேச வேண்டியது செய்தவர்தான்.

வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால்?

பொதுவாக வரும் கேள்விகள் கைவிரலில் அடங்கும், முன்னாலேயே தெரிந்துவைத்துக்கொள்ளலாம். என்னிடம் கேட்பது: "மைக்ரோவேவில் வைக்கலாமா?" 1200 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்ட, தண்ணீர் உறிஞ்சாத பாண்டம் என்றால் வைக்கலாம். விளிம்பில் தங்கப் பூச்சு இருந்தால் கூடாது, அது உலோகம், பொறி பறக்கும். "இந்த மெருகில் ஈயம் இருக்கா?" இதற்கு உத்தேசமான பதில் கூடாது. சாப்பிடும் பாத்திரம் செய்கிறவர் தன் மெருகில் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் விற்க வேண்டும்.

வெள்ளி நகைக்காரரிடம் 925 என்றால் என்ன என்பார்கள். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. கறுப்பது போலி என்பதால் இல்லை, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்வதால். காதணிக் கொக்கியில் நிக்கல் இருக்கிறதா என்ற கேள்வி விளையாட்டல்ல, சிலருக்குக் காது புண்ணாகிவிடும். சோப்புக்காரரிடம் "இதில் காஸ்டிக் சோடா இல்லையே?" என்பார்கள். கட்டிச் சோப்பு எதுவுமே அது இல்லாமல் உண்டாகாது, எண்ணெயோடு முழுதும் வினைபுரிந்த பிறகு அது சோடாவாக மிஞ்சுவதில்லை. இதை அமைதியாகச் சொல்லத் தெரிய வேண்டும். குளிர்முறைச் சோப்பு, அதாவது அடுப்பில் காய்ச்சாமல் செய்கிற சோப்பு, நான்கு முதல் ஆறு வாரம் காய வேண்டும் என்பதால், சந்தைக்குப் பத்து நாள் முன்னால் ஊற்றிய கட்டிகளைக் கொண்டு வராதீர்கள்.

படம் எடுத்துக்கொண்டு போய்க் காப்பியடிக்கிறார்கள். எதிர்க்கடையில் தொழிற்சாலைப் பொருளைக் கைவேலை என்று விற்கிறார்கள். என்ன செய்ய?

படம் எடுப்பவர்களில் பெரும்பாலானவர் வீட்டில் காட்டிக் கேட்கத்தான் எடுக்கிறார்கள். படத்தில் உங்கள் பெயர் விழும்படி பெயர்ப் பலகையைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், அவ்வளவுதான் நம் கையில் இருப்பது.

வாங்கி விற்கிறவர் விஷயத்தில் கூட்டத்துக்கு நடுவில் சண்டை போடாதீர்கள், அமைப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். யார் செய்தது என்ற கேள்வி புதிதல்ல. 1888-இல் லண்டனில் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் கண்காட்சிச் சங்கத்தின் முதல் கண்காட்சி நடந்தபோது, நிறுவனத்தின் பெயரோடு நிறுத்தாமல் வடிவமைத்தவர், செய்தவர் பெயரையும் போட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அதற்கு நேர்மாறாக, ஜப்பானின் மிங்கே (மக்கள் கைவினை) இயக்கத்தைத் தொடங்கிய யானகி சோயெட்சு பெயர் தெரியாத கைவினைஞரின் அன்றாடப் பொருளில்தான் அழகு என்றார். இரண்டுமே எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் வாடகை கட்டுகிறவன் என்ற முறையில் கோப்பையின் அடியில் முத்திரை குத்திவிடுகிறேன்.

"இதே மாதிரி, ஆனால் கொஞ்சம் பெரிசா" என்று ஆர்டர் கேட்டால்?

அங்கேயே தேதி சொல்லாதீர்கள். விற்பனை நடக்கிற உற்சாகத்தில் எல்லாம் முடியும் என்று தோன்றும். பெயர், எண், என்ன வேண்டும் என்று நோட்டில் எழுதி, இரண்டு நாளில் விலையும் தேதியும் சொல்கிறேன் என்று அனுப்புங்கள். பாதி முன்பணம் வந்த பிறகுதான் வேலை. மண்பாண்டத்தில் 'கொஞ்சம் பெரிசு' என்பது புது அச்சு, புது அளவு. மண் காய்ந்து சுட்டு முடியும்போது பத்து சதவீதத்துக்கு மேலும் சுருங்கும். இதையெல்லாம் விலையில் சேர்க்காமல் ஒத்துக்கொண்ட ஆர்டர்கள்தான் எனக்கு அதிகம் கசந்தவை.

திருட்டு?

நடக்கும். சின்னதும் விலை கூடியதும் உங்கள் கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதற்காக எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் பூட்டாதீர்கள்.

மூன்று மணி நேரமாகப் போணியே ஆகவில்லை. என்ன தப்பு?

முதலில், சில நாள் எல்லோருக்குமே அப்படித்தான் போகும். பக்கத்துக் கடைகளைப் பாருங்கள், அங்கேயும் ஈ ஓட்டுகிறார்கள் என்றால் நாள் சரியில்லை. மற்றவர்களுக்கு விற்று உங்களுக்கு விற்கவில்லை என்றால் ஒரு துண்டுத்தாளில் மூன்று கோடு போட்டு அரைமணி நேரம் குறியுங்கள்: நின்றவர், தொட்டவர், வாங்கியவர்.

யாருமே நிற்கவில்லை என்றால் தூரத்திலிருந்து கடை என்னவென்றே தெரியவில்லை. எழுந்து இருபதடி தள்ளிப் போய்ப் பாருங்கள். நடு மேசையில் எல்லாம் தட்டையாகக் கிடக்கும். ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஒரு பெரிய பொருளை ஏற்றுங்கள். நிற்கிறார்கள், தொடவில்லை என்றால் அடுக்கு மிகவும் ஒழுங்காக இருக்கிறது, கலைத்தால் திட்டுவார்களோ என்று பயப்படுகிறார்கள். ஒன்றிரண்டை நீங்களே எடுத்து இடம் மாற்றிச் சாய்வாக வையுங்கள். தொட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்றால் கைக்குள் வந்த பிறகு ஏதோ இடறுகிறது. எனக்கு ஒருமுறை அது எடை. அழகாக இருந்த கிண்ணங்கள், தூக்கினால் கல். எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு சின்ன ஆச்சரியம், உடனே கீழே வைத்தார்கள். அடுத்த சூளையில் சுவரை மெல்லிசாக்கினேன், அதே வடிவம், அதே விலை, போனது. விலைச்சீட்டைப் பார்த்த பிறகு வைக்கிறார்கள் என்றால் மட்டும் விலையைப் பற்றி யோசியுங்கள். அதுவும் அன்றைக்கே மாற்றாதீர்கள்.

கூட்டம் குறைந்துவிட்டது. முன்னாலேயே கட்டிவிட்டுக் கிளம்பலாமா?

பல சந்தைகளில் அதற்கு அனுமதியே இல்லை, அடுத்த முறை இடம் தர மாட்டார்கள். அனுமதி இருந்தாலும் கிளம்பாதீர்கள். கடைசி அரைமணி நேரத்தில் வருகிறவர்கள் புதியவர்கள் அல்ல, காலையில் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, சந்தை முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள். "அந்த நீலக் கோப்பை இன்னும் இருக்கா?" என்று நேராக வந்து கேட்பார்கள். அதனால் நான் கட்டும்போது ஓரங்களிலிருந்து ஆரம்பிப்பேன். அன்றைக்கு அதிகம் பேர் எடுத்துப் பார்த்த நாலைந்து பொருளும், கொஞ்சம் தாளும், ஒரு பையும் விளக்கடியில் கடைசிவரை அப்படியே இருக்கும்.